அம்பு பாய்வதை வீடியோ எடுப்பது எப்படி? கேமரா வாங்குவதிலிருந்து பொருத்துவது வரை

வில் பழகுகிறவர்களில் மொபைலில் வீடியோ எடுக்காதவர் இன்று யாரும் இல்லை. ஆனாலும் அம்பு கண்ணுக்குத் தெரிகிற வீடியோ அபூர்வம். நாண் அதிரும், 'டப்' என்று சத்தம் வரும், இலக்கில் அம்பு குத்தி நிற்கும். நடுவில் அது எப்படிப் பறந்தது, நேராகப் போனதா, வாலை ஆட்டிக்கொண்டு போனதா என்பது மட்டும் பதிவாகியிருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பிலும் பள்ளி மைதானத்திலும் பழகும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் அந்த நடுப்பகுதிதான் வேண்டும். அதை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் வெளிநாட்டு வில்வேட்டைக்காரர்களின் வீடியோக்கள். மரத்தில் கட்டும் கேமராக் கை, வில்லில் திருகும் குட்டிக் கேமரா, அம்பின் பின்முனையில் ஒளிரும் நாக் (நாணைக் கவ்வும் பள்ளமுள்ள துண்டு) என்று அவர்கள் பழகிவைத்திருக்கும் நுட்பங்கள் நமக்கும் பயன்படும். வேட்டை மட்டும் இங்கே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாட முயற்சி செய்தாலே குற்றம். அந்தச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் வில்லும் அம்பும் பெயரோடு இருக்கின்றன. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையவே முடியாது. நம் இரண்டு மாவட்டங்களிலும் பெரிய காட்டுப்பரப்பு 2014-ல் காவிரி வடக்குச் சரணாலயமாகவும், 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதனால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் 'காட்டுப் பின்னணியில் ஒரு வீடியோ' என்று வில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். சோளக்கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றியானாலும் நாமாக அம்பு விடக் கூடாது. இனி வருவதெல்லாம் இலக்குப் பலகைக்கும், நுரை அடுக்கிய பொம்மை இலக்குக்கும், பழந்துணி அடைத்த சாக்குக்கும்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவை வில்லில் மாட்டும் எண்ணத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆடாத முக்காலி, வேகமான ஷட்டர், குறுகிய கோணம், நல்ல வெயில் ஆகிய நான்கும் சேர்ந்தால் கையில் இருக்கும் சாதாரண மொபைலே அம்பைக் காட்டும். இவை இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் காட்டாது.

அம்பின் வேகத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

நுனிகள் முன்னோக்கி வளைந்த ரீகர்வ் வில்லிலிருந்து அம்பு நொடிக்குச் சுமார் 55 முதல் 65 மீட்டர் வேகத்தில் கிளம்பும். நுனிகளில் கேம் என்ற உருளைகள் உள்ள காம்பவுண்ட் வில்லில் 85 முதல் 95 மீட்டர் வரை போகும். கணக்குக்கு 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

வீடியோ நொடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்) என்றால், ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் அம்பு 2 மீட்டர் தாண்டிவிடும். 60 பிரேம் என்றால் 1 மீட்டர், 120 என்றால் அரை மீட்டர், 240 என்றால் 25 சென்டிமீட்டர். அம்பின் நீளம் முக்கால் மீட்டருக்குள் இருக்கும். ஆகவே 120-ல்தான் அம்பு தொடர்ச்சியாகத் தெரியத் தொடங்குகிறது; வளைந்து நெளிவதைப் பார்க்க 240 வேண்டும்.

இதில் பலர் கோட்டைவிடுவது ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரத்தை. பிரேம் எண்ணிக்கை எத்தனை படம் என்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு படமும் தெளிவாக இருக்குமா என்பதை ஷட்டர்தான் முடிவு செய்கிறது. ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அந்த நேரத்தில் அம்பு 1 மீட்டர் நகரும். குறுக்கே பறக்கும் அம்பு படத்தில் வெறும் புகைக்கோடாகிவிடும். 1/1000 வைத்தால் 6 சென்டிமீட்டர் தேய்ப்பு, 1/2000 வைத்தால் 3 சென்டிமீட்டர். 1/2000-ஐக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மொபைலோடு வரும் கேமரா செயலியில் ஷட்டரை மாற்ற முடியாவிட்டால், 'புரோ வீடியோ' வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஷட்டரைக் கையால் மாற்றவிடும் வேறொரு செயலியைப் போட்டுக்கொள்ளலாம்.

ஷட்டர் வேகம் கூடக்கூட வெளிச்சம் குறையும். அதனால் இந்த வேலையைத் திறந்த வெளியில், வெயிலில்தான் செய்ய வேண்டும். உள்ளரங்கில் வேறொரு தொல்லையும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் பல எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் 240 பிரேமில் அலை அலையாகத் தெரியும்.

கோணம்: அகலமாக எடுத்தால் அம்பு தொலையும்

தலையிலும் வண்டியிலும் மாட்டும் குட்டி ஆக்ஷன் கேமராவை வாங்கிவிட்டு ஏமாறுவது இங்கேதான். அதன் இயல்பான கோணம் மிக அகலம். 90 டிகிரி என்று வைத்தால், 30 மீட்டர் தொலைவில் 60 மீட்டர் அகலமுள்ள காட்சி படச் சட்டத்துக்குள் வரும். 122 சென்டிமீட்டர் இலக்குத் தாள், 1920 பிக்ஸல் அகல வீடியோவில் 40 பிக்ஸலுக்குள் சுருங்கிவிடும். அதில் அம்பு எங்கே இருக்கிறது என்று தேடவே முடியாது.

மொபைலின் முதன்மை லென்ஸில் அதே தொலைவில் ஏறக்குறைய 42 மீட்டர் அகலம் வரும். ஒரு பிக்ஸல் என்பது அங்கே 2 சென்டிமீட்டருக்கு மேல். அம்பின் தண்டோ 6 மில்லிமீட்டர் தடிமன்தான். மூன்று மடங்கு ஆப்டிகல் ஜூம் உள்ள லென்ஸுக்கு மாறினால் காட்சி 14 மீட்டராகக் குறுகும், ஒரு பிக்ஸல் 7 மில்லிமீட்டர் ஆகும். அப்போது இறகுகளும் பின்முனை நாக்கும் புள்ளியாகவாவது பிடிபடும். டிஜிட்டல் ஜூம் இதற்கு உதவாது. அது இருக்கிற பிக்ஸலை இழுத்துப் பெரிதாக்குவதோடு சரி. சில மொபைல்களில் 240 பிரேமுக்குப் போனவுடன் அந்த ஜூம் லென்ஸ் (டெலி லென்ஸ்) அணைந்து முதன்மை லென்ஸுக்கு மாறிவிடும். கடையிலேயே அதைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

என்ன வாங்கலாம்

ஏற்கெனவே மொபைல் இருந்தால் முதல் செலவு முக்காலிக்கு. ஆன்லைனில் கிடைக்கும் இலேசான பிளாஸ்டிக் முக்காலி ஓசூர்ப் பக்கத்துக் காற்றுக்கு நிற்காது. கொஞ்சம் கனமானதாக, நடுத்தண்டில் கொக்கி உள்ளதாகப் பாருங்கள். கொக்கியில் மணல் பை ஒன்றைத் தொங்கவிட்டால் அசையாது. மொபைலைப் பிடிக்கும் கிளாம்ப் திருகு வைத்ததாக இருக்கட்டும், ஸ்பிரிங் மட்டும் உள்ளது வழுக்கும்.

இரண்டாவதாக நான் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும்: பழைய கேம்கார்டர். இருபது, முப்பது மடங்கு ஆப்டிகல் ஜூம், கையால் மாற்றக்கூடிய ஷட்டர், வெயிலிலும் பார்க்க உதவும் கண்துளை எல்லாம் அதில் இருக்கும். வெளிநாட்டில் வேட்டை வீடியோ எடுப்பவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது இதைத்தான். நம் ஊர்க் கல்யாண வீடியோகாரர்கள் பலர் புது கேமராவுக்கு மாறிவிட்டார்கள். பழையதைக் கேட்டுப் பார்க்கலாம். மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் தேடலாம். பிரேம் எண்ணிக்கை 50-தான் என்பது இதன் குறை. ஆனால் பின்னாலிருந்து எடுக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஆக்ஷன் கேமரா மூன்றாவதுதான். இலக்கின் அருகில் வைக்கவும், தலையில் மாட்டவும், வேண்டுமானால் வில்லில் பொருத்தவும் அது நல்லது. சுமார் 150 கிராம் எடை, தூசி தாங்கும், கீழே விழுந்தாலும் பிழைக்கும். 'லீனியர்' அல்லது 'நேரோ' கோணம் இருக்கிற மாடலாக வாங்குங்கள். மெமரி கார்டில் வி30 என்ற குறி இருக்க வேண்டும். நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்பதற்கான உறுதி அது.

முக்காலியை எங்கே வைப்பது

முதல் இடம், எய்பவரின் பின்னால். ஒன்றரை, இரண்டு மீட்டர் பின்னால் தள்ளி, லென்ஸ் அவர் தோள் உயரத்தில், நாண் இழுக்கும் தோளுக்குச் சற்று வெளியே வரும்படி நிறுத்துங்கள். ஜூம் செய்து, இலக்கு சட்டத்தின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே இருக்குமாறு வையுங்கள், ஏனென்றால் அம்பு வளைந்து மேலேறித்தான் இறங்கும். போகஸை இலக்கின் மேல் வைத்துப் பூட்டிவிடுங்கள். மொபைலில் திரையில் இலக்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் எய்பவர் கை அசைந்ததும் கேமரா தோளுக்குப் போகஸைத் தாவவிடும், அம்பு மங்கிவிடும்.

இந்த இடத்தின் பெரிய பலன், அம்பு கேமராவை விட்டு நேராக விலகிப் போகிறது என்பது. குறுக்கே பாயாததால் படத்தில் அது நகரும் தூரம் குறைவு. அதனால்தான் 50 பிரேம் கேம்கார்டரும் இங்கே போதுகிறது. அம்பின் பின்பக்கம் மட்டுமே தெரியும் என்பதால் நாக்கின் நிறமும் இறகின் நிறமும் முக்கியம். நம் பக்கத்துச் செம்மண் மேட்டுக்கு முன்னால் ஆரஞ்சு, சிவப்பு இறகுகள் கரைந்துபோகும். வெள்ளையும் எலுமிச்சை மஞ்சளும் பளிச்சென்று தெரியும். பின்னணி மாந்தோப்பின் கரும்பச்சையாக இருந்தால் ஆரஞ்சும் ரோஸும் சரி, பச்சை வேண்டாம். ஒளிரும் நாக்கைப் பயிற்சியில் தாராளமாகப் போடலாம். அது சற்றுக் கூடுதல் எடை என்பதால் அம்பு கொஞ்சம் கீழே விழும், அவ்வளவுதான்.

இரண்டாவது இடம், எய்பவரின் நெஞ்சுக்கு எதிரே. ஷூட்டிங் லைனில் நிற்பவரின் நெஞ்சு அந்தக் கோட்டின் வாக்கிலேயே இருக்கும். ஆகவே முக்காலியும் அதே கோட்டில், மூன்று மீட்டர் தள்ளி வரும். பக்கத்தில் நிற்பவரின் இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். கேமராவும் சரி, அதை இயக்குபவரும் சரி, கோட்டுக்கு முன்னால் ஓர் அடிகூடப் போகக் கூடாது. இங்கிருந்து ஆங்கர் (நாண் இழுத்த கை முகத்தில் பதியும் இடம்), முழங்கை உயரம், நாண் விட்டபின் கை எங்கே போகிறது எல்லாம் தெரியும். அம்பு சட்டத்தைக் குறுக்கே கடப்பதால் 240 பிரேமும் 1/2000 ஷட்டரும் இங்கே கட்டாயம்.

மூன்றாவது, இலக்கின் அருகே. அம்பு குத்தும் காட்சி அழகானது, பயிற்சிக்கும் உபயோகமானது. ஆனால் கேமரா தனியாகத்தான் நிற்க வேண்டும்; பக்கத்தில் ஆள் நிற்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. இலக்கிலிருந்து பக்கவாட்டில் மூன்று நான்கு மீட்டர் தள்ளி, தரையோடு தரையாக, மணல் மூட்டைக்குப் பின்னால் லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி வையுங்கள். ஆக்ஷன் கேமராவின் அகலக் கோணம் இங்கேதான் கைகொடுக்கும். போய் வைப்பதும் எடுப்பதும் விசில் கணக்கில் நடக்கட்டும். போட்டி முறையில் இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வரலாம், ஒன்று என்றால் எய்யலாம், மூன்று என்றால் அம்பு எடுக்கப் போகலாம், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் அத்தனை பேரும் உடனே நிறுத்த வேண்டும். கேமராவைத் தொடுவது அந்த மூன்று விசிலுக்குப் பிறகுதான், 'பேட்டரி பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்' என்பவருக்கும் இதே விதிதான்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டங்களில் இலக்குக்குப் பின்னால் கரடும் பாறையும் இருப்பது சாதாரணம். பார்க்கப் பாதுகாப்புச் சுவர்போலத் தெரியும். ஆனால் கருங்கல்லில் பட்ட அம்பு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் மண் மேடு இருக்கட்டும், கல் வேண்டாம். குறி தவறி மேலே போன காம்பவுண்ட் அம்பு சில நூறு மீட்டர் போய் விழும். தோப்புக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர் இருக்கிறாரா என்று ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தபிறகே ஆரம்பியுங்கள்.

வில்லில்தான் வேண்டும் என்றால்

காம்பவுண்ட், ரீகர்வ் வில்களின் ரைசரில் (கைப்பிடி உள்ள நடுப்பாகம்) ஸ்டெபிலைசர் (வில்லை நிலைப்படுத்தும் தண்டு) மாட்டும் திருகுத் துளை இருக்கும். அதன் அளவு 5/16 இன்ச், இன்ச்சுக்கு 24 புரி. கேமரா, முக்காலித் திருகுகள் கால் இன்ச், 20 புரி. இரண்டையும் இணைக்கும் மாற்றுத் திருகு ஒன்று வேண்டும். அளவைச் சொல்லிக் கேட்டால் ஆர்ச்சரி சாமான் விற்பவர்கள் கொடுப்பார்கள், ஓசூர் லேத் பட்டறைகளில் கடைந்தும் வாங்கலாம். இலேசாகப் பொருந்துகிறதே என்று வேறு புரித் திருகைத் திணித்தால் ரைசர் துளை கெட்டுவிடும்.

கேமராவை ஸ்டெபிலைசர் துளையில், கைப்பிடிக்குக் கீழே, முன்னோக்கி மாட்டுங்கள். நடுவில் ரப்பர் வாஷர் போடுங்கள். திருகில், அது கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும். கேமராவுக்கும் ரைசருக்கும் குட்டையான கயிறு ஒன்று கட்டுங்கள்; திருகு கழன்றாலும் கேமரா நாணையோ கேமையோ எட்டாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். லிம்பில் எதையும் கட்டாதீர்கள், அது ஒவ்வொரு எய்தலிலும் வளைந்து நிமிரும் பாகம். இந்தியன் ரவுண்டு என்ற நம் நாட்டுப் போட்டிப் பிரிவுக்கான மூங்கில் வில்லில் கேமரா மாட்டவே வேண்டாம், அதில் துளை போட்டால் வில் போச்சு.

மாட்டியபின் அம்பு கோர்த்து, இலக்கை நோக்கி மெதுவாக இழுங்கள். கூட இருப்பவர் பக்கத்திலிருந்து நாண், கேபிள், இறகு எதுவும் கேமராவில் உரசுகிறதா என்று பார்க்கட்டும். அம்பில்லாமல் நாணை விட்டுப் பார்ப்பது எந்தச் சோதனைக்கும் கூடாது, வில்லே உடையலாம். முதல் அம்புகளை ஐந்து மீட்டரில் விடுங்கள். எல்லாம் சரி என்றால் உங்கள் வழக்கமான தூரத்தில் கேமராவோடு ஆறு அம்பு, கேமரா இல்லாமல் ஆறு அம்பு விட்டு இரண்டு கூட்டமும் எங்கே விழுகின்றன என்று ஒப்பிடுங்கள். இடம் மாறினால் அந்த 150 கிராம் உங்கள் பிடியை மாற்றுகிறது என்று அர்த்தம்.

மொபைலை வில்லில் மாட்டாதீர்கள். லென்ஸை மிதக்கவிட்டு அசைவைச் சமன்செய்யும் ஓஐஎஸ் அமைப்பு பல மொபைல்களில் இருக்கிறது. பைக் எஞ்சின் அதிர்வே அதைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021-ல் எச்சரித்தது. வில்லின் அதிர்ச்சியும் அதற்கு நல்லதில்லை.

இத்தனையும் செய்தபின் கிடைக்கும் படம் என்ன? ரீகர்வ் எய்பவர் வில்லை இறுகப் பிடிப்பதில்லை. நாண் விட்டதும் வில் முன்னால் குதித்துக் கவிழும். 30 மீட்டரை அம்பு கடக்க அரை நொடி ஆகும். அதற்குள் கேமரா தரையைப் பார்த்துவிடும். காம்பவுண்டில் கொஞ்சம் பரவாயில்லை. போட்டிகளிலோ வில்லில் மின்னணுக் கருவி எதையும் அனுமதிக்க மாட்டார்கள். அதனால்தான் இதைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன்.

எய்பவரின் பார்வையிலிருந்தே படம் வேண்டுமென்றால் கேமராவைத் தலைப்பட்டையில் மாட்டுவதே நல்லது. வலது கையால் நாண் இழுப்பவர் கேமராவை உச்சந்தலையிலோ இடது பக்கமோ வைக்கலாம். நாண் முகத்தின் வலது பக்கம் வருகிறது. மார்புப் பட்டையைத் தொடவே தொடாதீர்கள். முழுக்க இழுத்த நாண் நெஞ்சை ஒட்டி நிற்கும், விட்டதும் கேமராவை அடித்துத் தூக்கும்.

வெயிலும் புழுதியும்

எய்யும் திசை வடக்காக இருந்தால் வருஷத்தின் பெரும்பகுதி சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், இலக்கில் வெளிச்சம் நேராக விழும். நம் ஊர் அட்சரேகையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்து போகும். அந்த மாதங்களில் காலையில் மேற்கு நோக்கி எய்தால் படம் நன்றாக வரும். மாமர நிழலில் விழும் வெயில் பொட்டுகள் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) அலைக்கழிக்கும், அதையும் பூட்டிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் மொபைல் சூடேறிப் பதிவு நின்றுபோகும். ஒரு குடையை முக்காலியோடு கட்டினால் போதும். லென்ஸில் படியும் செம்மண் தூசியைச் சட்டை நுனியால் தேய்க்காமல் ஊது பல்பால் ஊதுங்கள்.

எடுத்ததைப் பார்க்கும்போது

பின்னாலிருந்து எடுத்ததில் அம்பின் வால் இடவலமாக ஆடினால், விரலால் நாண் விடுகிறவருக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அம்பின் விறைப்பு. விரல் நாணைப் பக்கவாட்டில் தள்ளுவதால் கிளம்பும்போது அம்பு கொஞ்சம் நெளிவது இயல்பு. இலக்கு வரை ஆடிக்கொண்டே போனால்தான் பிரச்சினை. பக்கவாட்டுப் படத்தில் வால் மேலும் கீழும் ஆடினால் நாண் மேல் நாக் கோர்க்கும் இடத்தின் உயரத்தைச் சரிபாருங்கள். ஒரு எச்சரிக்கை: மொபைல் கேமரா சட்டத்தை வரிவரியாகப் படிப்பதால் நாணும் லிம்பும் ரப்பர் மாதிரி வளைவதாகத் தெரியும். அது கேமராவின் வேலை, வில்லில் கோளாறு என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள்.

அப்புறம், ஒலியை அணைத்துவிடாதீர்கள். எய்பவர் அருகில் இருக்கும் கேமராவில் நாண் விடும் சத்தமும் அம்பு குத்தும் சத்தமும் பதிவாகும். எடிட்டிங் செயலியில் ஒலி அலையைப் பெரிதாக்கி இரண்டுக்கும் இடையிலான நேரத்தை அளந்துகொள்ளுங்கள். இதை ஸ்லோமோஷனில் நீட்டாத, சாதாரண வேகப் பதிவில் அளக்க வேண்டும். குத்திய சத்தம் 30 மீட்டர் திரும்பி வர ஏறக்குறைய 0.09 நொடி ஆகும், அதைக் கழித்துவிடுங்கள். 0.59 நொடி வந்தால் அம்பு பறந்த நேரம் 0.5 நொடி; 30-ஐ 0.5-ஆல் வகுத்தால் நொடிக்கு 60 மீட்டர் சராசரி வேகம். வேகமானி வாங்காமலேயே, புது நாண் மாற்றியபிறகு வில்லின் வேகம் ஏறியதா இறங்கியதா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.